ரேணுகா வீட்டுப் பனி

கத்திரி வெயில் தொடங்கிய அன்று, பகல் சாப்பாட்டு வேளையில், நாயக் ஏகாம்பரத்தின் வீட்டுக்குள் பனி பெய்தது. வெளியே தார் ரோடு இளகி மாடுகளின் குளம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது, பாறைக்குப்பத்தைச் சுற்றி நிற்கிற மொட்டை மலைகள் அனல் கக்கிக்கொண்டிருந்தன, தெரு நாய்கள் எல்லாம் அடிபம்புக்குக் கீழே ஈர மண்ணைக் கிளறிக்கொண்டு படுத்திருந்தன. உள்ளேயோ, சிமெண்டு ஷீட்டுக்கும் மின்விசிறிக்கும் நடுவிலிருந்து, யாரோ இடியாப்ப மாவைச் சல்லடையில் சலிப்பது போல, வெள்ளை வெளேரென்று, ஒரு அவசரமும் இல்லாமல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ரேணுகா கிரைண்டருக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தபடி அதைப் பார்த்தாள். அவளுடைய கீழுதடு கிழிந்திருந்தது. அதன் மேல் கொஞ்சம் பனி விழுந்ததும் எரிச்சல் அடங்கியது.

நடந்தது இவ்வளவுதான். மேல் பலகையில் இருந்த குக்கர் மூடி சறுக்கித் தரையில் விழுந்து கணகணவென்று சுழன்றது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம், மகள் சுவாதிக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஏகாம்பரம், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அங்கே இல்லை. அவன் இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தான். அந்த வேறு யாரோ ரேணுகாவின் கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தி, அவளுக்குத் தெரியாத இந்தியில் எதையோ கேட்டு, பதில் வராததால் அடித்து, திரும்பவும் கேட்டு, திரும்பவும் அடித்தான். பிறகு கை ஓய்ந்தது. தன் கைகளையே பார்த்தான். "ரேணு" என்றான். அப்போதுதான் பனி தொடங்கியது. மூலையில் காதைப் பொத்திக்கொண்டிருந்த சுவாதி ஒரு கையை மட்டும் எடுத்து நீட்டி உள்ளங்கையில் பனியைப் பிடித்தாள். குழந்தைதானே.

பாறைக்குப்பத்தில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் பட்டாளத்துக்குப் போகிறவர்கள். அங்கே வீடுகளைக் கதவு எண் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது; சுபேதார் வீடு, அவில்தார் வீடு, நாயக் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துப்போகும். அந்த ஊருக்கு மருமகளாக வருகிற எந்தப் பெண்ணுக்கும் தாலி ஏறிய அன்றே ஒரு மூங்கில் கழியைக் கொடுப்பார்கள். தூங்குகிற புருஷனைத் தொட்டு எழுப்பாதே, வாசற்படியிலேயே நின்று இந்தக் கழியால் கட்டில் காலைத் தட்டு, அவன் கண்ணைத் திறந்து நீ யாரென்று கண்டுகொண்ட பிறகு உள்ளே போ என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஏன் என்று எந்த மருமகளும் கேட்டதில்லை. ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த ரேணுகா அதை முதலில் கோலாட்டக் கழி என்று நினைத்துக்கொண்டு, இன்னொன்று எங்கே என்று கேட்டு, கல்யாண வீட்டையே சிரிக்க வைத்தாள். ஆக, அடி அந்த ஊருக்குப் புதிதில்லை. பனிதான் புதிது.

கதவிடுக்கு வழியாகக் குளிர் தெருவுக்கு வந்ததும் ஜனங்கள் வந்தார்கள். முதலில் கொத்தனார் வந்து கூரையில் ஏறி, ஓட்டை எதுவும் இல்லை, என் வேலையில் குற்றம் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அம்மன் கோயில் பூசாரி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, குற்றமில்லாத பனி என்றார். பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் எல்லோரும் மீசையைத் தடவிக்கொண்டு வந்து, கையில் அள்ளி, கசக்கி, ஊதி, இது லடாக்குப் பனி என்று ஒருவரும், போய்யா, நீ இருந்தது ராஜஸ்தான் மணலில், உனக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று இன்னொருவரும் அந்தி சாயும் வரை வாதாடினார்கள். எந்த மலைப் பனி என்று கேட்டார்களே தவிர, எப்படி வந்த பனி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரேணுகாவின் உதட்டைப் பார்க்க வேண்டி வந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மட்டும் பார்த்தாள். அவள் சுபேதார் சக்கரபாணியின் மனைவி. சக்கரபாணி முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குத் தலைவர், ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். கன்னியம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்து ரேணுகாவின் தாடையில் பூசிவிட்டாள். "ஆறிடும்மா. எல்லாம் ஆறிடும்" என்றாள். போகும்போது, வந்தது வந்தோம் என்று, ஒரு குண்டான் நிறையப் பனியும் அள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த முறை பெய்ததும், அதற்கடுத்த முறை பெய்ததும், எதைத் தொடர்ந்து எது வருகிறது என்பது ஊருக்கே விளங்கிவிட்டது. விளங்கியதை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். "நாயக் வீட்ல இன்னிக்கு மோடம் போட்டிருக்கா?" என்று கேட்டுக்கொள்வார்கள், மழை வருமா என்று குடியானவன் வானத்து மேகமூட்டத்தைப் பார்த்துக் கேட்பது போல. உள்ளே சத்தம் கேட்டதும் ஜனங்கள் அண்டா, குண்டான், வாளி, ஐஸ் பெட்டி என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து வாசலில் வரிசை கட்டுவார்கள். ஆனால் மரியாதை தெரிந்த ஜனங்கள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தை எட்டிப் பார்க்கலாமா? அத்தனை பேரும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடிதான் நிற்பார்கள். சத்தம் ஓய்ந்து கதவு திறந்த பிறகே திரும்புவார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள், "கொஞ்சம் நகரும்மா" என்று ரேணுகாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு அள்ளத் தொடங்குவார்கள்.

அந்தக் கோடையில் பாறைக்குப்பத்தில் பால் திரியவில்லை, மீன்காரரின் கூடையில் மீன் கெடவில்லை, பூக்காரி கட்டிய சரம் மறுநாளும் வாடவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தைகளைப் பனி மேல் துணி விரித்துப் படுக்கவைத்தார்கள், வேர்க்குரு வந்தவர்கள் உடம்பில் தேய்த்துக்கொண்டார்கள், எல்லையில் இருக்கிற மகன் வந்து சேரும்வரை ஒரு தகப்பனின் பிணத்தை அதில் புதைத்து வைத்திருந்து முகம் மாறாமல் காட்டினார்கள். நன்னாரி சர்பத் விற்கிறவன் தன் வண்டியில் 'ரேணுகா பனி' என்றே எழுதிப் போட்டான். ஊர் நன்றி மறக்கவில்லை. ரேஷன் கடையில் ரேணுகாவுக்கு வரிசை கிடையாது, பஸ்ஸில் அவள் ஏறினால் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள், அம்மன் கோயிலில் முதல் பிரசாதம் அவளுக்குத்தான். ஊரே அவளைத் தாங்கியது, அடியைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும்.

ஏகாம்பரம் அந்தப் பனியைத் தொட்டதில்லை. அது விழத் தொடங்கியதும் எழுந்து போய்ப் பம்புசெட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொள்வான். கடைசி வெள்ளை உருகி ஓடும்வரை வீட்டுப் பக்கம் வரமாட்டான். வந்த பிறகு வீட்டு வேலையெல்லாம் அவனே செய்வான். தரை துடைப்பான், சுவாதிக்குப் பின்னல் போடுவான், ரேணுகாவின் புடவையை மடிப்புக் கலையாமல் பெட்டி போட்டு வைப்பான். அப்படி ஒரு மத்தியானம், அவள் கேட்காமலே அவன் சொன்னான். பட்டாளத்தில் இருந்தபோது, மலை உச்சியில் அவர்களுடைய காவல் சாவடி பனிச்சரிவில் புதைந்துவிட்டதாம். தன்சிங் என்று ஒரு கூட்டாளி, அடியில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டை எதிலோ தட்டித் தட்டிச் சத்தம் கொடுத்தானாம். இவன் 'எங்கே இருக்கே, எங்கே இருக்கே' என்று கத்திக்கொண்டு பனிப்பாறையைக் கையால் குத்திக் குத்தித் தோண்டினானாம்.

"போய்ச் சேர்றதுக்குள்ள தட்டுற சத்தம் நின்னு போச்சு ரேணு."

அவன் இந்தியில் என்ன கேட்டு அடிக்கிறான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அழுதாள். அவனுக்காகத்தான் அழுதாள். அவன் குத்தியது பனிப்பாறையை என்பதும் அவளுக்குப் புரிந்தது. ஆனால் உடைந்தது அவளுடைய பல்தான், பனிப்பாறை அல்ல. இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். நடந்து நடந்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

டவுனில் பட்டாளத்துக்காரர்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே இந்த மாதிரி மனசுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஏகாம்பரத்திடம் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சுபேதார் சாப்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றான். சங்கத்துத் தலைவர் சம்மதம் இல்லாமல் அந்த ஊரில் யாரும் ஆஸ்பத்திரிப் படி ஏறுவது வழக்கமில்லை. அவள் போனாள். சக்கரபாணி சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரில் பனி மிதந்தது.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? நம்ம ஊரு பேரு இன்னாத்துக்காவும்?" என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், நல்ல குரலில், தகப்பன் மகளுக்குச் சொல்வது மாதிரி சொன்னார்: "கத்திரி முடியட்டும்மா. அப்பறமா பாத்துக்கலாம்."

ரேணுகா வீட்டுக்கு வந்து எவர்சில்வர் பாத்திரங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாள். மண் சட்டியும் மர அகப்பையும் வாங்கினாள், தண்ணீர் குடிக்கப் பிளாஸ்டிக் செம்பு, தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றினாள், சுவாதியின் கொலுசைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தால் அது ஏகாம்பரத்தின் காதுக்குப் போவதற்கு முன்னால் அவள் அவனுக்கு எதிரில் போய் நின்று, "மாடு கட்டையில முட்டிக்கிச்சு" என்றோ, "டிராக்டருங்க" என்றோ பெயர் சொல்லிவிடுவாள். பெயர் தெரிந்த சத்தம் அவனை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குத்தான் உட்கார நேரம் இல்லை. காதே அவள் உடம்பாகிவிட்டது. ஆனால் அடி நின்றது. உதடு கூடியது. சுவாதி தூக்கத்தில் உளறுவதை விட்டாள். ஏகாம்பரம் ஒருநாள் எதற்கோ சிரித்தான், அந்தச் சிரிப்பைக் கேட்டு மகளும் தாயும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள்.

பனியும் நின்றது. பாறைக்குப்பத்துக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் விசாரித்தார்கள். "இன்னா ரேணு, மோடமே காணோம்?" என்று குழாயடியில் கேட்டார்கள். பால் திரியத் தொடங்கியதும் கேட்கிற குரலில் கொஞ்சம் புளிப்பு ஏறியது. ரேஷன் கடையில் வரிசையில் நில் என்றார்கள். மீன்காரர் அவள் கூப்பிட்டும் நிற்காமல் போனார். பிறகு ஒரு சாயங்காலம் வாசற்படியில் ஒரு ரம் பாட்டில் இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு மாதாமாதம் கேண்டீனில் கொடுக்கிறார்களே, அந்த ரம். மறுநாள் இன்னொன்று. தங்கள் பங்கை வாய் வைக்காமல் கொண்டுவந்து வைக்கிற அளவுக்கு, தியாகம் செய்கிற அளவுக்கு, அந்தப் பெரியவர்களுக்குப் பனி ஆசை முற்றிவிட்டது. ரேணுகா ஒவ்வொன்றாகச் சாக்கடையில் ஊற்றினாள். யார் வைத்தது என்று தெரிந்தால் அந்த முகத்தில் ஊற்றலாமே என்று இருந்தது. ஆனால் யார் வைக்கவில்லை என்றுதான் அவளால் சொல்ல முடியவில்லை.

அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழா நெருங்கியது. வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் பனி பார்க்கவே வருகிறோம் என்று சொல்லி வந்து இறங்கிவிட்டார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம், ஏகாம்பரம் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தான், சுவாதி அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள், ரேணுகா வாசலில் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் பின்னால் வெடி வெடித்தது. ஊசிப்பட்டாசு இல்லை, லட்சுமி வெடியும் இல்லை. மலையில் கல் உடைக்க வைக்கிற மாதிரி, தகரத் தொட்டிக்கு அடியில் வைத்துக் கொளுத்திய அணுகுண்டு வெடி.

ரேணுகா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள், இன்னொன்று வெடிப்பதற்குள் பிடுங்கிவிடலாம் என்று. அங்கே கையில் ஊதுபத்தியோடு கன்னியம்மா நின்றிருந்தாள்.

"பெரிம்மா" என்றாள் ரேணுகா.

கன்னியம்மா ஊதுபத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மறைத்துக்கொண்டதும் அவளுக்கே வெட்கமாகி, அந்த வெட்கம் கோபமாகத் திரும்பியது. "இன்னாடி அப்படி பாக்குற? பேரப்புள்ளைக்கு உடம்பு பூரா கட்டி. துடிக்குது குழந்தை. ஊரே வெந்துனு கீது. ஒரு அடிதானேம்மா? நான் வாங்காத அடியா? நாங்கள்லாம் வாங்கலியா?"

உள்ளே சுவாதி "அப்பா" என்று கத்தினாள். பாதியிலேயே அந்தக் குரல் நின்றது.

இதுநாள் வரை அவன் குழந்தையைத் தொட்டதில்லை. ரேணுகா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது கட்டிலுக்கு அடியில் ஏகாம்பரம் மகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தான். மேலே விழப்போகிற எதிலிருந்தோ அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். சத்தம் போடாதே, சத்தம் போட்டால் பனி சரியும் என்று இந்தியில் கெஞ்சிக்கொண்டு, இரண்டு கையாலும் அவள் வாயையும் மூக்கையும் சேர்த்து அழுத்தியிருந்தான். சுவாதியின் கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு உதைக்கவில்லை. ரேணுகா கழியைத் தேடவில்லை, வாசற்படியில் நிற்கவில்லை. பாய்ந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், தோளில் கடித்தாள். அவன் திரும்பி அவளை அடித்தான். அந்த அடியில் அவள் சுவரில் மோதினாள், ஆனால் குழந்தை அவன் கையிலிருந்து விடுபட்டது. அப்போது பனி கொட்டியது. முன்னெல்லாம் சலித்த மாவு மாதிரி விழுந்தது, இன்றைக்கு மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்தது மாதிரி, கட்டில் தெரியாமல், சுவர் தெரியாமல் கொட்டியது.

முழங்கால் அளவுப் பனியில் அவள் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் ஊர் நின்றது. வெளியூர்ச் சொந்தங்களும் சேர்ந்து, அண்டாவும் குண்டானுமாக, ஷேர் ஆட்டோக்காரன் ஐஸ் பெட்டியோடு, பூசாரி தாம்பாளத்தோடு, முன்வரிசையில் சுபேதார் சக்கரபாணி, எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு, கதவு திறந்த சத்தம் கேட்டும், இன்னும் முழுசாக ஓயவில்லை போலிருக்கிறது என்று திரும்பாமல், மிகுந்த மரியாதையோடு நின்றார்கள்.

"திரும்புங்க" என்றாள் ரேணுகா. யாரும் திரும்பவில்லை. சுவாதியின் உதடு நீலமாக இருந்தது. "என் புள்ளய பாருங்க" என்று கத்தினாள். முதுகுகள் கொஞ்சம் நெளிந்தன, அவ்வளவுதான்.

பாறைக்குப்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் பரேடு கட்டளைகள் தெரியும். புருஷன்மார்கள் தூக்கத்தில் கத்துவதைக் கேட்டுக் கேட்டே படித்தவர்கள். ரேணுகா அடிவயிற்றிலிருந்து, அந்த ஊரில் எந்தப் பெண்ணும் எடுக்காத குரலை எடுத்து, அப்படியே பின்புறம் திரும்பச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தாள்.

"பீச்சே... முட்!"

மனசு வேண்டாம் என்று சொல்வதற்குள் கால்கள் கேட்டுவிட்டன. பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும், மூட்டு வலிக்காரர்களும் ஊன்றுகோல்காரர்களும்கூட, குதிகாலில் சுழன்று, டப்பென்று கால் சேர்த்துத் திரும்பி நின்றார்கள். அவர்கள் திரும்பியதால் பெண்களும் திரும்பினார்கள். பார்த்தார்கள். ரேணுகாவின் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த குழந்தை அசையாமல் இருந்தது, பிறகு இருமியது, இருமி இருமி மூச்சை இழுத்தது, அழ ஆரம்பித்தது. தெருவில் ஒரு பாத்திரம்கூட ஓசைப்படவில்லை. திறந்த கதவு வழியாகப் பனிப்புகை வெளியே வந்து எல்லோர் காலையும் நனைத்தது.

வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது: "கதவுதான் தொறந்துடுச்சே. எடுத்துக்கலாமா?"

ஏகாம்பரம் வாசற்படிக்கு வந்துவிட்டிருந்தான். தலையிலும் புருவத்திலும் பனி. மகள் அழுவதைக் கேட்டான், அவளுடைய முகத்தில் தன் விரல் பதிந்திருந்ததைப் பார்த்தான், தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தான். படியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். "போயிடு ரேணு" என்றான். "நான் எழுந்திருக்க மாட்டேன். புள்ளய இட்டுனு போயிடு."

அவள் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோக்காரன் ஐஸ் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தெருவிலேயே வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

ஆரணியில் அவள் அம்மா வீட்டில் தறிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். ரேணுகா முதல் சில வாரங்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நின்றாள். யாருக்கு எதிரில் போய் நின்று எந்தச் சத்தத்துக்குப் பெயர் சொல்வது என்று தெரியாமல் தறிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஏகாம்பரம் மறுநாள் விடிந்ததும் சுபேதாரைக் கேட்காமல் தானே டவுனுக்கு நடந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டான் என்று தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பாள். அங்கே வேப்பமரத்தடி பெஞ்சில் அவன் அந்தக் கோடியில் உட்காருவான், அவள் இந்தக் கோடியில். திரும்ப ஒன்றாக இருப்பதைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாததை எங்கே சொல்வது?

பூட்டிய வீட்டில் பனி பெய்யவில்லை. ஊர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு, தட்டில் பழம், பூ, புடவை என்று வரிசை கொண்டுவந்து, "நீ இல்லாம ஊரே வாடிப்போச்சும்மா, வந்துடு" என்று கூப்பிட்டார்கள். ரேணுகா தண்ணீர் கொடுத்தாள், பனி போடாத வெறும் தண்ணீர், குடித்துவிட்டுப் போனார்கள். கத்திரி முடிந்தும் அந்த வருஷம் வெயில் இறங்கவே இல்லை.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. கன்னியம்மாவின் நம்பர். எடுத்துவிட்டாள். வெடி வைத்த கை, மஞ்சள் பூசிய கை, இரண்டும் ஒரே கை என்பதை அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை. வைத்துவிடலாம் என்றிருந்தது. அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. மூச்சுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அண்டாவும் வாளியும் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. ஜனங்கள் இடம் பிடித்து நிற்கிற சத்தம், அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"ரேணு" என்றாள் கன்னியம்மா. பல் கிட்டித்த குரல். "எங்க வீட்ல மோடம் போட்டுடுச்சு ரேணு."

ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் தீரவில்லை; தீராமலே பேசினாள். "மோடம்னு சொல்லாத பெரிம்மா. இன்னா நடந்துச்சு, அத்த சொல்லு."

சுபேதார் பெண்டாட்டியாக இத்தனை காலம் வாழ்ந்தவள், ஒரு வார்த்தையை இருந்த இடத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"அடிச்சிட்டாரு" என்றாள்.

"சத்தமா சொல்லு. வெளிய நிக்கிறாங்களே, அவங்களுக்குக் கேக்கணும்."

"அடிச்சிட்டாரு!" கிழவியின் குரல் உடைந்து, ஏறி, போனை விட்டு விலகி வாசல் பக்கம் போனது. "அடிச்சிட்டாருடி! என் புருஷன் என்ன அடிச்சிட்டாரு!"

பாத்திரங்கள் உரசும் சத்தம் அங்கே சட்டென்று நின்றது.

"இன்னொரு வாட்டி சொல்லு பெரிம்மா, நிறுத்தாம சொல்லிக்கினே இரு, நான் பஸ்ஸு ஏறிட்டேன்னு வெச்சிக்கோ" என்றபடியே ரேணுகா காலால் செருப்பைத் துழாவினாள்.